டல்சியின் கூடை யாருக்கு

சிட்னி
5 பிப்ரவரி 1957

அன்புள்ள ஐடா அக்காவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அதற்கு முந்தையதற்கும் இல்லை. மிஷன் விலாசத்துக்குப் போட்டால் மேனேஜர் ஆபீசில் பிரித்துப் படிக்கிறார்கள், ரயில்வே கேட்டில் இருக்கும் நூனன் அம்மாளுக்குப் போடு என்று நீதான் சொன்னாய். அந்த அம்மாள் ஒரு கடிதத்தையும் தொலைக்கிறவள் இல்லை. ஆகையால் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே.

நான் சண்டை போட எழுதவில்லை. உன்னிடம் விட்டுவந்த என் டல்சியைப் பற்றி எழுதுகிறேன். ஆஸ்பத்திரி சலவைச்சாலையில் என் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஜன்னல் வைத்த அறையாகப் பார்த்துக் குடிவந்திருக்கிறேன். பூர்வகுடிகள் நல போர்டு இன்ஸ்பெக்டர் வந்து கட்டில், அடுப்பு, திரைச்சீலை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தெருக்கோடியில் பள்ளிக்கூடம் இருக்கிறது. நம் பிள்ளைகளைப் பின்னால் தனி பெஞ்சில் உட்காரவைக்கிற பள்ளிக்கூடம் இல்லை. பூர்வகுடிச் சட்டம் இனி எனக்கில்லை என்று போர்டு கொடுத்த விலக்குப் பத்திரத்தில் டல்சியின் பெயரையும் சேர்த்துவிட்டால் அவள் என்னோடு வந்து இருக்கலாம். அவளை வளர்க்கிற நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மேனேஜர் காரியத்தைக் கெடுத்துவிடுவார். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் பிள்ளையை நான் கேட்பதற்கு உன்னிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று ராத்திரியெல்லாம் ஆத்திரமாக வருகிறது. காலையில் எழுந்தால், நான்கு வருஷமாக அவளுக்குச் சோறு போட்டவள் நீதானே என்றும் தோன்றுகிறது.

இங்கே நான் போகும் சர்ச்சின் பெண்கள் சங்கம் வருஷா வருஷம் நம் கூபா வளைவு மிஷனுக்கு அறுப்பின் பண்டிகைக்குப் போகிறதல்லவா, இந்த வருஷம் என்னையும் வரச் சொல்கிறார்கள். விருந்தாளியாக. பிள்ளைகள் கூடையைப் பீடத்தில் வைத்து, ஆசீர்வாதம் ஆனதும் திரும்ப எடுத்து, முன்வரிசை விருந்தாளிகளுக்குத் தங்கள் கையால் கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறதா? நானும் நீயும் கொடுத்திருக்கிறோமே. டல்சி அவள் கூடையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தால், என்னை அம்மா என்று நினைக்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன். கொடுக்காவிட்டால் அவள் பெயரை எழுதமாட்டேன். அவள் உன்னிடமே இருக்கட்டும். ஆனால் நீ அவளைத் தள்ளிவிடவும் கூடாது, தடுக்கவும் கூடாது.

உன் தங்கை,
தெல்மா


கூபா வளைவு
16 பிப்ரவரி

தெல்மாவுக்கு,

மகாராணி விருந்தாளியாக வருகிறாயாக்கும். வா, வா. முன்வரிசையில் உட்கார மெத்தை போட்டுவைக்கச் சொல்கிறேன்.

பதில் போடாததற்குக் காரணம் கோபம்தான், வேறென்ன? விலக்குப் பத்திரம் என்கிற அந்த நாய் லைசென்சைக் கையெழுத்துப் போட்டு வாங்கியபோது, “அக்கா, இது வெறும் பேப்பர், நான் எப்பவும் போல வந்து போவேன்”னு சொன்னாய். அம்மா சாகக் கிடந்தபோது வர உனக்கு அனுமதி வேண்டியிருந்தது. அனுமதி வந்து சேர்ந்தபோது அவளைப் புதைத்து மண்ணும் காய்ந்துவிட்டது. அவள் கடைசியாகக் கூப்பிட்டது உன்னை. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அதை நான் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறேனா என்றால், ஆமாம், வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் புருஷன் லாரி கவிழ்ந்து செத்துப்போனபிறகு ரேஷனை நம்பி இங்கே கிடக்க உனக்குப் பிடிக்கவில்லை. அது தப்பு என்று நான் சொல்லவில்லை. இந்த லட்லோ மேனேஜரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எவள்தான் இருப்பாள்? ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று ரொம்பச் சுலபமாக எழுதுகிறாய். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுவிடும். நீ சலவையிலிருந்து வருகிறவரை அவளை யார் பார்ப்பது? ஜன்னலா?

இங்கே அவளுக்கு என் மகள் ரீட்டாதான் அக்கா, ஹெக்டர்தான் அப்பா, நான்தான் அம்மா. உன்னை டவுன் அம்மா என்கிறாள். அப்படிச் சொல்ல நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகச் சொல்வது.

கூடை விஷயம். வழக்கம் அப்படியே இருக்கிறது. தள்ளவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், பேப்பர் எல்லாம் எனக்கு வேண்டாம்.

ஐடா

மறந்துவிட்டேன், நீ அனுப்பிய உள்பாவாடைத் துணியில் டல்சிக்கு இரண்டு சட்டை தைத்தேன். மிச்சத்தில் ஹெக்டருக்குக் கைக்குட்டை. அவருக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லையாம்.


சிட்னி
27 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

அனுமதி வந்துவிட்டது. லட்லோ எழுதியிருக்கிறார். விருந்தாளிகளோடு உட்காரலாம். குடியிருப்புப் பக்கம் போகக்கூடாது. மிஷன் ஜனங்களோடு கலக்கக்கூடாது, பேசக்கூடாது. மீறினால் பத்திரம் ரத்து, பிள்ளைக்காகப் போட்ட மனுவும் ரத்து. பிள்ளை கொடுக்கும் கூடையை வாங்கிக்கொள்ள மட்டும் தடையில்லை. அதைத் தனியாக எழுதிக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஆக, நீ என்னைப் பார்த்தாலும் பேசாதே. நானும் பேசமாட்டேன். உன்னோடு பேசாமலிருக்கத்தான் எனக்கு நன்றாகப் பழக்கம் ஆகிவிட்டதே.

சங்கத்துப் பெண்கள் எனக்கு ஒரு நீலத் தொப்பியும் வெள்ளைக் கையுறையும் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை அக்கா. ஆனால் நான் பேசும்போது கை ஆடுகிறதாம். “கையை மடியில வெச்சுக்கோ தெல்மா, அதுதான் அழகு”ன்னு சொல்லிச் சொல்லி, இப்போது கை தானாகவே மடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நீலத் தொப்பி என்று டல்சியிடம் சொல்லிவை. அதில் ஒன்றும் தள்ளிவிடுவதாகாது. ஆள் அடையாளம் தெரிய வேண்டாமா? பண்டிகை முடிந்த இரண்டாம் வாரம் இன்ஸ்பெக்டர் பெயர் கேட்டு வருவார். அதற்குள் எனக்கே ஒரு முடிவு தெரிந்துவிடும்.

தெல்மா


கூபா வளைவு
8 மார்ச்

தெல்மாவுக்கு,

கையுறை போட்டால் கை ஊமையாகிவிடும். உனக்கு அது பொருத்தம்தான்.

இங்கே ஒரே அமர்க்களம். போன வருஷம் கிளாரி மாமா பிடித்த பெரிய காட் மீனைப் பீடத்தில் வைக்க லட்லோ அம்மாள் ஒப்புக்கொண்டாள். பிரசங்கம் நீண்டுவிட்டது, வெயிலோ கொளுத்தியது. பிரசங்கியார் “கர்த்தருக்குச் சுகந்த வாசனையான காணிக்கை” என்று கையை உயர்த்தியபோது முன்வரிசை மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டது. ஆகவே இந்த வருஷம் மீன் இல்லை. ஈமு முட்டை இல்லை, நம் காட்டுக் குவாண்டாங் பழம் இல்லை. பூசணி, தர்பூசணி, தக்காளி, கோதுமைக் கதிர், கதிர்க்கட்டு மாதிரி சுட்ட ரொட்டி, அவ்வளவுதான். “ஆண்டவர் குவாண்டாங்கை மட்டும் படைக்கலையா?”ன்னு மாமா கேட்டதற்கு, தேவாலயத்தில் அமைதி வேண்டும் என்று பதில் வந்ததாம்.

அமைதிக்கு என்ன குறை? நம் பாஷையில் ஒரு வார்த்தை பேசினால் லட்லோ அம்மாள் சோப்புப் போட்டு வாயைக் கழுவச் சொல்கிறாள், அதனால் பிரசங்க நேரம் முழுக்கக் கைப்பேச்சுதான். பின்வரிசையில் பேசாத விஷயமே இல்லை. யாருக்கு வயிற்றுவலி, யார் யாரைப் பார்த்துச் சிரித்தாள், டீ எப்போது, எல்லாம். நம்மைப் பூச்சி கடிப்பதாக அந்த அம்மாளுக்கு எண்ணம். போன ஞாயிறு பெஞ்சுக்கெல்லாம் மருந்து அடித்தாள். உன் டல்சி இதில் கெட்டிக்காரி. மாமா ஒரு விரலை அசைப்பதற்குள் மூன்று பதில் சொல்லிவிடுகிறாள்.

அவள் ஒரு தர்பூசணிக் கொடி வைத்தாள். கழுவின பாத்திரத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் அதற்குத்தான் ஊற்றுகிறாள். காய்த்தது ஒன்றே ஒன்று, மனுஷத் தலை அளவு. நீலத் தொப்பிக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை, சத்தியம். கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு நடுவில் நடந்து பழகுகிறாள். ரீட்டா முன்வரிசையாக உட்கார வேண்டும். டல்சி வந்து நீட்டி, “டவுன் அம்மா, இது நான் வெச்ச காய்”னு சொல்ல வேண்டும். பேசக்கூடாது என்று நான் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. ஏன் என்று கேட்டாள். பேசினால் அம்மாவுக்குக் கஷ்டம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது? சொன்னபிறகு, இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

வா. பூசணிப் போட்டிக்கு நடுவர் வழக்கம்போல் போலீஸ் சார்ஜென்ட்தான்.

ஐடா


சிட்னி
20 மார்ச்

அக்காவுக்கு,

இது நான் எழுதும் கடைசிக் கடிதமாகக்கூட இருக்கலாம். அதனால் கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

பண்டிகையில் உன்னைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாய். பச்சைச் சட்டையில் அம்மா மாதிரியே நின்றாய். எனக்கு எழுந்து ஓடிவர வேண்டும் போலிருந்தது, மடியில் இருந்த கை எழவில்லை.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அவள்தான் என்று உடனே தெரிந்துவிட்டது. அவள் அப்பாவின் நடை. தர்பூசணி வைத்த கூடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேராக என்னைப் பார்த்துத்தான் வந்தாள். கையுறையைக்கூடக் கழற்றினேன், வெறுங்கையால் வாங்க வேண்டும் என்று. நான்கு அடி தூரத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்படியே திரும்பி, பக்கத்தில் இருந்த சங்கத் தலைவியிடம் கூடையைக் கொடுத்துவிட்டாள். அக்கா, அந்த அம்மாள் சிட்னிக்குத் திரும்புகிற வழியில் ரயிலில் எல்லோருக்கும் அதை அறுத்துக் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு. வாங்கிக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கை காலியானதும், எங்கே என்னைத் தொட்டுவிடுமோ என்று ஒரு கையை இன்னொரு கையால் மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், நான் பார்க்கும்போதே, நெஞ்சில் கையை வைத்துத் தேய்த்தாள். என் பார்வை பட்ட அழுக்கைத் துடைக்கிறவள் மாதிரி. அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது போய்விட்டிருந்தாள்.

நீ தடுத்தாய் என்று சொல்லமாட்டேன். நீ வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். பிள்ளைக்கு நான் வேண்டாம், அவ்வளவுதான். எட்டு வயசுப் பிள்ளையை அவள் அம்மா என்று கூப்பிடுகிற மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டுவந்து ஜன்னல் ஓரத்தில் உட்காரவைக்க எனக்குத் தெம்பு இல்லை. இன்ஸ்பெக்டர் அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வருகிறார். பெயர் இல்லை என்று சொல்லிவிடப்போகிறேன். உனக்கு நிம்மதிதானே?

அவளுக்கு மழைக்காலத்துக்கு ஒரு பூட்ஸ் அனுப்பியிருக்கிறேன். யார் வாங்கியது என்று சொல்ல வேண்டாம்.

தெல்மா


கூபா வளைவு
27 மார்ச்

அடி தெல்மா,

முதலில் இதைப் படி. மற்றதையெல்லாம் பிறகு படிக்கலாம். மணிக்கட்டைப் பிடித்தால் நம் கைப்பேச்சில் என்ன? விலங்கு. போலீஸ். நெஞ்சைத் தொட்டால் என்ன? பால் கொடுத்தவள். அம்மா.

உனக்குத் தெரியாததா இது? பேச்சு வருவதற்கு முன்னாலேயே உனக்கும் எனக்கும் தெரியும். நீ கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாய். கையைப் பார்க்கவில்லை.

சார்ஜென்ட் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று நீ பார்த்தாயா? உனக்கு நேர் பின்னால். பிள்ளை உன் பக்கம் வர வர, அந்த ஆள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க முன்னால் சாய்ந்தார். உன் தொப்பிக்குமேல் அவருடைய தலை. நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். போன குளிர்காலத்தில் கிளாரி மாமாவை வீட்டுக்குள் வந்து இழுத்துக்கொண்டு போன ஆள் அவர்தான், டல்சி கண்முன்னால். “பேசினா அம்மாவுக்குக் கஷ்டம்”னு நான் வேறு சொல்லிவைத்திருந்தேன். கூடையைக் கொடுத்தால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்துவிட்டாள். அதனால்தான் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பின்னால் போலீஸ் என்று உன்னை எச்சரித்தாள். அப்புறம் அம்மா என்றாள். பின்வரிசை மொத்தமும் பார்த்தது. மாமா அழுதுவிட்டார். லட்லோ அம்மாள் பூச்சி மருந்து கண்ணில் பட்டுவிட்டதோ என்று அவரைக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது இரண்டே கேள்வி. “சார்ஜென்ட் அம்மாவைப் பிடிக்கலைல்ல?” என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா கை ஏன் திருப்பிப் பேசலை? கோவமா?” என்றாள். நான் கோழியை அடைக்கப் போய்விட்டேன். நீ ஏன் பேசவில்லை என்று உன் கடிதம் வரும்வரை எனக்கே தெரியவில்லை. பெண்கள் சங்கம் சொன்னபடி கையை மடியில் வைத்திருக்கிறாள், நம்மையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டாள் என்று நினைத்து உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தேன். ஒன்றும் எழுதாமல் சும்மா இருந்தால் போதும், வெள்ளிக்கிழமை தானாகப் போய்விடும், பிள்ளை என்னோடவே இருப்பாள். நீயும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ரொட்டிக்கு மாவு எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் டல்சி என் மடியில் தூங்கிவிட்டாள். அவள் தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டே, இவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று நினைத்தேன். எனக்கும் அவள் நெஞ்சைத்தான் தொடுவாள். அம்மாவுக்கும் அம்மாவின் அக்காவுக்கும் நமக்கு ஒரே சைகைதானே. ஆனால் அன்றைக்கு அவள் தொட்டது உன்னைப் பார்த்து. நான் அதை எடுத்து என் பையில் போட்டுக்கொள்ள முடியாது.

வயிறு எரிகிறது. இல்லை என்று சொன்னால் பொய். இருந்தாலும் எழுதுகிறேன். அவள் பெயரை எழுது. மேனேஜர் கேட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். நாலு மணிக்குப் பிறகு அவளை யார் பார்ப்பது என்று மட்டும் ஒரு வழி செய்துவை.

நூனன் அம்மாள் இதை மெயில் வண்டி கார்டு கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்குள் வந்துவிடும்.

பூட்ஸ் ஒரு அளவு பெரியது. துணி திணித்துப் போட்டுக்கொண்டு திரிகிறாள். யார் வாங்கியது என்று நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கிறது.

ஐடா


சிட்னி
4 ஏப்ரல்

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு படுக்கையில் உட்கார்ந்து, அந்த மணிக்கட்டையும் நெஞ்சையும் நானே செய்து பார்த்தேன். என் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எனக்குத்தான் இல்லை. எட்டு வயசுப் பிள்ளை என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள், நான் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறேன். அழுத அழுகையில் வீட்டுக்காரி வந்து யார் செத்தது என்று கேட்டாள்.

பெயர் எழுதிவிட்டேன். இன்ஸ்பெக்டர், மேனேஜர் தந்தியில் அனுப்பிய உன் ஆட்சேபமில்லை என்ற பதிலைப் படித்துவிட்டு, இந்த ஐடா யார் என்று கேட்டார். பிள்ளையின் அம்மா என்றேன். அப்படியானால் நீ யார் என்றார். நானும்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை.

நாலு மணிக்குப் பிறகு பார்க்க ஆள் கிடைத்துவிட்டது. சலவையில் என்னோடு இருக்கும் மோரீ ஊர்ப் பக்கத்துப் பெண், நம் ஜனம், அவளுக்குக் காலை ஷிஃப்ட். பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் டல்சி உன்னிடம் வந்துவிடுவாள். அவளுக்குப் பதினாறு வயசு ஆகும்வரை வந்து போகத் தடையில்லையாம். எனக்குத்தான் தடை. கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் முடிந்த பிறகு வரும் சனிக்கிழமை மெயில் வண்டியில் வருகிறேன். நூனன் அம்மாள் கேட் பக்கத்திலேயே வண்டி நிற்கும். அது மிஷன் நிலம் இல்லை, ரயில்வே நிலம். அங்கே யாரோடு பேசினாலும் எந்தப் பேப்பரும் கேட்க முடியாது. நீ அவளைக் கூட்டிக்கொண்டு வா. ரீட்டாவும் ஹெக்டரும் வரட்டும். கிளாரி மாமாவும் வரட்டும், மீன் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

வண்டி நின்றதும் டல்சி ஓடிவருவாள். அவளைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். ஆகவே அதற்கு முன்னாலேயே, வண்டி வளைவில் திரும்பி வேலி கண்ணுக்குத் தெரிந்ததுமே, கதவில் நின்று உன்னைப் பார்த்து நெஞ்சைத் தொடுவேன். கையுறை போட்டிருக்கமாட்டேன். கூட்டத்தில் யாருக்கோ என்று நினைத்துவிடாதே அக்கா, உனக்குத்தான்.

நான் தலையைக் குனிந்த மாதிரி நீ குனிந்துவிடாதே. உன் கையும் திருப்பிப் பேச வேண்டும்.

தெல்மா